ஐப்பசி மழையில் மதகுக்கு ஓடும் மடவை: பரங்கிப்பேட்டை உவர்நீர்க் குளத்துக் கேள்விக்குப் பதில்

கேள்வி: பரங்கிப்பேட்டை பக்கம் வெள்ளாற்றங்கரையில் ஒரு ஏக்கர் உவர்நீர்க் குளம் இருக்கிறது. போன மாசியில் ஆற்றுக் குஞ்சு மடவை விட்டேன். முந்தின வருஷத்து மடவையும் கொஞ்சம் உள்ளே கிடந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் பெரிய மீனெல்லாம் மதகுப் பக்கம் கூடின. ராத்திரியில் தாவிக் கரையில் விழுந்தன, தவிட்டைத் தொடவே இல்லை. கார்த்திகையில் சில மீன் உடம்பில் புண்ணோடு செத்து மிதந்தன. தண்ணீரில் கோளாறா, நோயா? இந்த முறை பால்கெண்டையும் கொடுவாவும் சேர்த்து விடலாமா? குஞ்சு எந்த மாதம் கிடைக்கும்?

பதில்: நீங்கள் ஒன்றாகச் சொல்லியிருப்பவை மூன்று வெவ்வேறு சங்கதிகள். மதகில் கூடியது மீனின் இயல்பு. தாவியதில் பாதி இயல்பு, பாதி மூச்சுத்திணறல். புண் வந்தது நோய். மூன்றும் ஒரே மழையில் வந்ததால் ஒரே கோளாறு போலத் தெரிகிறது.

பெரிய மடவை என்ற இனம் ஆற்றிலும் கழிமுகத்திலும் காயலிலும் வளரும், முட்டையிடுவது கடலில்தான். நம் கரையில் அது சினை பிடித்துக் கடலுக்குப் போகும் காலம் அக்டோபர் முதல் ஜனவரி வரை, அதாவது ஐப்பசியிலிருந்து மார்கழி, தை வரை. பகல் குறைவது, தண்ணீர் குளிர்வது, மேலிருந்து நன்னீர் வந்து உப்பு இறங்குவது, ஆறு கடலை நோக்கி இழுப்பது எல்லாம் சேர்ந்து மீனைக் கிளப்பிவிடும். குளத்துக்குள் இருக்கும் மீனுக்கு ஆற்று இழுப்பு தெரியும் ஒரே இடம் மதகு. பலகை இடுக்கில் கசியும் நீரோட்டமே அதற்குப் போதும். போன மாசியில் விட்ட சிறுசுகள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்காது. சுமார் ஒரு அடி நீளத்தைத் தாண்டிய, இரண்டாம் வருஷத்து மீன்தான் அப்படி ஓடும். வயிறு நிறையச் சினை இருக்கும் மீன் தீனியைக் குறைப்பதும் வழக்கமே. அந்த நேரத்தில் தவிட்டைக் கூட்டிப் போட்டால் அது அடியில் கிடந்து அழுகும்.

குளத்தில் அடைபட்ட மடவை முட்டையிடாது. சினை முற்றாமல் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும், தை மாதத்தில் பிடித்தால் மீன் மெலிந்திருக்கும். ஆகவே ஒரு அடிக்கு மேற்பட்ட மடவையைப் புரட்டாசிக் கடைசிக்குள், தப்பினால் ஐப்பசி முதல் வாரத்துக்குள் பிடித்து விற்றுவிடுங்கள். எடை நிறைந்திருப்பது அப்போதுதான், வெள்ளத்தில் கரை உடையும் பயமும் இருக்காது. அடுத்த வருஷம் இன்னும் பெரிதாகும் என்று வைத்திருப்பதில் லாபமில்லை. மீன் வெளியே போக வழி தேடும், அவ்வளவுதான்.

அது மதகைத் தேடும் ஓட்டமா, மூச்சுத்திணறலா என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். மாலையிலும் முன்னிரவிலும் பெரிய மீன் மட்டும் மதகடியில் கூடி, சிறுசுகள் குளம் முழுக்கப் பரவியிருந்தால் கடல் தேடும் ஓட்டம். விடியற்காலையில் சிறுசு பெருசு எல்லாம் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து நின்றால் ஆக்சிஜன் குறைவு. இரண்டாவதற்குக் காரணம், மழைநீர் உப்புநீரைவிட லேசானது. கலக்கி விடாவிட்டால் அது மேலே தனி அடுக்காக நிற்கும், அடியில் உப்புநீர் மூடி போட்டதுபோல அடைந்து கிடக்கும். நாலு நாள் வெயில் இல்லாவிட்டால் பாசி ஆக்சிஜன் தராது. அடிச்சேற்றில் இருக்கும் எச்சமும் பழைய தீனியும் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். சேற்றைக் கையில் அள்ளும்போது கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் நிலைமை முற்றிவிட்டது.

அதற்குச் செய்ய வேண்டியது இது. மதகில் அடிப்பலகையைத் தூக்காதீர்கள். மேல்பலகை ஒன்றை மட்டும் எடுத்து, வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் இறங்கும் நேரத்தில், மேல்மட்ட நன்னீரை வடியவிடுங்கள். பலர் அவசரத்தில் அடிப்பலகையைத் தூக்கி, இருக்கிற உப்புநீரை வெளியே விட்டு, மழைநீரை உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். எடுத்த பலகை இடத்தில் வலைச்சட்டம் இருக்க வேண்டும், இல்லையென்றால் மீனும் சேர்ந்து போகும். ஏக்கருக்கு 2 குதிரைத்திறன் ஏரேட்டர் (தண்ணீரைக் கலக்கிக் காற்றூட்டும் கருவி) இருந்தால் இரவு 10 மணியிலிருந்து வெயில் ஏறும் வரை ஓட்டுங்கள். மழை பெய்யும் நேரத்தில் பகலிலும் ஓட்டினால் அடுக்கு பிடிக்காது. கரைமண் புளிப்பாக இருந்தால் மழை அதைக் கழுவிக் குளத்தில் இறக்கும். மழைக்கு முன்பே கரையின் உள்சரிவில் விவசாயச் சுண்ணாம்பு தூவி வையுங்கள், மழை விட்டதும் ஏக்கருக்கு 50 கிலோ சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து மாலையில் தெளியுங்கள். சுட்ட சுண்ணாம்பை மீன் இருக்கும் குளத்தில் போடக்கூடாது. தீனி, மேகமூட்ட நாளில் பாதி. அடைமழை நாளில் வேண்டவே வேண்டாம். தாவி விழுவதைத் தடுக்கக் கரையின் உள்விளிம்பில் மூன்றடி உயரத்துக்குப் பழைய வலையைக் கட்டிவிட்டால் போதும். மடவைக்கு நல்ல தண்ணீரிலும் தாவும் பழக்கம் உண்டு.

இனி புண். கார்த்திகை, மார்கழியில் மடவைக்கு வரும் ஆழமான சிவந்த புண், பெரும்பாலும் ஒருவகை நீர்ப்பூஞ்சை சதைக்குள் இறங்குவதால் வருவது. அந்தப் பூஞ்சைக்கு நன்னீரும் குளிரும் வேண்டும், உப்பு ஏற ஏற அது அடங்கிவிடும். மழையில் குளத்து உப்பு லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே போயிருக்கும், தண்ணீரும் குளிர்ந்திருக்கும், தாவி விழுந்ததில் செதில் உரிந்திருக்கும். நுழைய வேறென்ன வேண்டும்? உப்புமானி ஒன்று வாங்கி வைத்து, மழைக்காலத்தில் தினமும் மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். 5 கிராமுக்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொள்வதே மருந்து. இதற்கு, மழை தொடங்குவதற்கு முன் புரட்டாசி அமாவாசை ஏற்றத்தில் குளத்தை உப்புநீரால் முழுக்க நிரப்பிக்கொண்டு மதகைச் சாத்திவிட வேண்டும். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் தண்ணீர் திறந்துவிட்டால் வெள்ளாற்றில் நாள்கணக்கில் ஏற்றத்தில் வருவதும் நன்னீராகவே இருக்கும்; அந்த நேரத்தில் ஆற்றுநீரை உள்ளே விடாதீர்கள். புண்பட்ட மீனைப் பொறுக்கி எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், ஆற்றில் எறிய வேண்டாம். புண் மீனைக் குணப்படுத்துவதாகச் சொல்லி விற்கும் ஆன்டிபயாடிக் எதையும் கொட்டாதீர்கள், பூஞ்சைக்கு அது கேட்காது.

இதே நோட்டில் கோடையையும் எழுதிவாருங்கள். பங்குனி, சித்திரையில் ஆற்றில் வரத்து நின்று, முகத்துவாரத்தில் மணல் திட்டுப் போட்டு வாய் சுருங்கும். ஏற்றம் உள்ளே முழுசாக வராது, குளத்து நீர் ஆவியாகி உப்பு கடலைவிட அதிகமாகவும் போகும். மடவையும் பால்கெண்டையும் தாங்கும், ஆனால் வளர்ச்சி நிற்கும், கடற்பேன் ஒட்டும். நம் கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. அதனால் தண்ணீர் மாற்றுவதை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அஷ்டமி, நவமியில் மதகைத் திறந்து வைத்தால் வீண். ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதைக் கணக்குப் பண்ணிக் கொண்டால் ராத்திரி முழிக்க வேண்டியதில்லை.

குஞ்சுக் காலத்துக்கு வருவோம். கடலில் மழைக்காலத்தில் பொரித்த பெரிய மடவையின் குஞ்சுகள், 2 முதல் 3 செ.மீ. அளவில், தை முதல் பங்குனி வரை ஆற்றுவாயிலும் ஓடைகளிலும் கரையோரமாகக் கூட்டமாக ஏறும். அமாவாசை, பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பின், ஏற்றம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில் கணுக்கால் ஆழத்தில் பார்க்கலாம். வருஷம் பூராவும் கிடைக்கும் சிறு மடவை இனங்களின் குஞ்சும் இதோடு கலந்து வரும். அவை எவ்வளவு தீனி போட்டாலும் பெரிய மடவை அளவுக்கு வளராது. போன மாசியில் விட்டதில் சில கையளவிலேயே நிற்கின்றன என்றால் காரணம் இதுதான். குஞ்சில் இனம் பிரிப்பது கடினம், காலம்தான் அடையாளம். தை, மாசியில் வருவதில் பெரிய மடவையின் பங்கு கூடுதல்; ஆனி, ஆடியில் வாங்குவதில் அந்த நம்பிக்கை வைக்காதீர்கள்.

பால்கெண்டைக் குஞ்சு சித்திரை, வைகாசியில் வரும், சில வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் இரண்டாம் முறையும் கொஞ்சம் வரும். ஒன்றேகால் செ.மீ. நீளம், கண்ணாடி போன்ற உடம்பு, இரண்டு கறுத்த கண் மட்டும் தெரியும். ஆற்றில் பிடிப்பதை நான் ஊக்கப்படுத்துவதில்லை. கொசுவலையில் நூறு குஞ்சு எடுக்கையில் அதைவிடப் பல மடங்கு இறால், நண்டுக் குஞ்சும் மற்ற மீன்குஞ்சும் கரையில் சாகும், அடுத்த வருஷம் அதே ஆற்றில் உங்களுக்கே வரத்துக் குறையும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2015-இல் பால்கெண்டையைக் கட்டுக்குள் இனப்பெருக்கம் செய்துவிட்டது. அங்கே முன்கூட்டிக் கேட்டு வைத்தால் ஒரே அளவுக் குஞ்சு கிடைக்கும். எங்கிருந்து கொண்டுவந்தாலும் குஞ்சைத் துணிவலையால் தூக்காதீர்கள், தண்ணீரோடு குவளையில் மொள்ளுங்கள். மடவைக் குஞ்சுக்குச் செதில் உதிர்ந்தால் இரண்டாம் நாள் சாகும். ஆக்சிஜன் பையில் 6 லிட்டர் தண்ணீருக்கு 300 குஞ்சு, பயணம் விடியலுக்கு முன். பையைக் குளத்தில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்து நீரைச் சேர்த்து விடுங்கள்.

குஞ்சு விடும் முன் பழைய மீன் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. போன முறை முந்தின வருஷத்து மீனோடு புதுக்குஞ்சை விட்டது தவறான முறை. குளத்தை வடித்துக் காயவையுங்கள். அடியில் 10 செ.மீ. தண்ணீர் நின்றுவிட்டால் ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள். செத்த மீனைப் பொறுக்கிவிட்டு, நஞ்சு ஆற இரண்டு மூன்று வாரம் விட்டு, புதுநீரை இரட்டை வலை வழியாக ஏற்றுங்கள். உள்வலை கொசுவலையைவிட நெருக்கமாக இருக்க வேண்டும். ஏற்ற நீரோடு வரும் கொடுவாக் குஞ்சு ஒன்று தப்பி நுழைந்தாலும் உங்கள் மடவைக் குஞ்சு அதற்குத் தீனி. ஏக்கருக்குப் பால்கெண்டை 2000, மடவை 800 போதும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி, மீன் எடையில் 4 சதவீதத்தில் தொடங்கி 2 வரை குறைத்து வாருங்கள். மார்கழி, தையில் காலைத் தீனியை 10 மணிக்குத் தள்ளுங்கள், நீர் சூடாகாமல் மீன் அசையாது.

பால்கெண்டையின் வசதி ஒன்று: அது சினைக்கு வரச் சில வருஷம் ஆகும். ஆகவே ஒரு வருஷத்துக் குளத்து மீன் மழையில் கடல் தேடி ஓடாது. சித்திரை, வைகாசியில் விட்டது மழையைக் கடந்து அடுத்த பங்குனி, சித்திரையில் அரைக் கிலோவை ஒட்டி நிற்கும். நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, கடலூர் முதல் புதுச்சேரி வரை சந்தையில் மீன் விலை ஏறும். அறுவடையை அந்த நாட்களில் வையுங்கள். பிடிக்க வலை போட்டு இழுத்துச் சேற்றைக் கலக்க வேண்டாம். வற்றத்தில் குளத்தைப் பாதி இறக்கி வைத்து, அமாவாசை ஏற்றத்தில் மதகைத் திறந்தால் புதுநீர் உள்ளே பாயும். பால்கெண்டை அந்த நீரை எதிர்த்து மதகுக்கே வந்து குவியும், அங்கேயே பைவலையில் அள்ளலாம். முந்தின நாள் தீனி நிறுத்தியிருந்தால் வயிறு காலியாக இருக்கும். மீனுக்குச் சரி எடை ஐஸ் முன்பே வந்து நிற்கட்டும்.

கொடுவாவைச் சேர்த்து விடலாமா என்றால், இந்தக் குளத்தில் வேண்டாம். தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள மீனைக்கூட அது விழுங்கும், கூடப்பிறந்ததையும் விடாது. வளர்க்க ஆசையென்றால் தனிக் குளம், பொரிப்பகக் குஞ்சு. முட்டுக்காட்டில் 1997 முதலே கொடுவாவைப் பொரிக்க வைக்கிறார்கள். உங்களுக்குப் பக்கமாகச் சீர்காழி தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் கொடுவாப் பொரிப்பகமும் உண்டு. 2 செ.மீ. குஞ்சை நேரே குளத்தில் விடாமல், 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள ஹாப்பாவில் (குளத்துக்குள் கட்டும் வலைத்தொட்டி) 500 வீதம் வளர்த்து, நாலு நாளைக்கு ஒருமுறை பெருசு, நடுசு, சிறுசு எனப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். ஒரு தடவை பிரிக்கத் தவறினால் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியாமல் குறையும். செத்த மீன் மிதக்காது, ஏனென்றால் அது இன்னொன்றின் வயிற்றில் இருக்கும். 10 செ.மீ. ஆனபிறகு ஏக்கருக்கு 1500 விடலாம். மிதக்கும் தீவனத்துக்கு ஹாப்பாவிலேயே பழக்கிவிடுங்கள், குளத்தில் விட்டபிறகு பழக்குவது நடக்காது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பண்ணையைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் குஞ்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கடலூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.