லேன் என்றால் சந்து இல்லை, தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாடகை வீட்டு முகவரியில் 'லேன்' என்று இருக்கிறதே, அது என்ன என்று காரிமங்கலத்திலிருந்து அம்மா கேட்டாராம். நீங்கள் 'சந்து' என்றீர்களாம். "அவ்ளோ தூரம் போயி சந்துக்குள்ளயா குடியிருக்க?" என்று அவருக்கு வருத்தம். அப்புறம் கார் பழக்கும் வாத்தியார் 'லேன், லேன்' என்று கத்துகிறார். மேனேஜரோ அவரவர் லேனில் இருப்போம் என்று மெயில் போட்டிருக்கிறார். ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்தான் அண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தர்மபுரிக்காரன்தான், 18 வருஷமாக இங்கிலாந்தில், டெவன் மாவட்டத்து எக்ஸெட்டர் பக்கம் இருக்கிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். லண்டனில் ஹைட் பார்க்கை ஒட்டிப் பார்க் லேன் என்று ஒரு சாலை ஓடுகிறது. ஒரு காலத்தில் அது ஒடுங்கிய பாதை. 1960களில் அகலப்படுத்தி, நடுவில் தடுப்பு வைத்து, பெரிய சாலையாக்கிவிட்டார்கள். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை வரிசை கார் ஓடுகிறது என்று நின்று எண்ணிப் பாருங்கள். மோனோபோலி ஆட்டத்தின் லண்டன் அட்டையில் மேஃபேர் என்ற இடத்துக்கு அடுத்து விலை அதிகம் இதற்குத்தான். அதே லண்டனில் இருக்கும் பிரிக் லேனில் இன்று செங்கல் சூளையைத் தேடினால் கிடைக்காது, வங்காளிகளின் சாப்பாட்டுக் கடைகள்தான் இருக்கும். ஆக, தெருப் பெயரில் லேன் இருந்தால் அது பழைய பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அகலத்தை அதை வைத்து அளக்க முடியாது.

அசல் லேனைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் டெவன் பக்கம் வர வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண் கரை, அதன்மேல் செடி வேலி. ஈரோட்டுப் பக்கம் இட்டேரி என்பார்களே, அதற்குத் தார் போட்ட மாதிரி இருக்கும். ஒரு கார் போனால் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் இலை உரசும். ஆனால் பல லேன்களில் வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை நிற்கும். மணிக்கு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர் வரை போகலாம் என்று அர்த்தம். அதை நம்பி மிதித்தால் அடுத்த வளைவில் ஆட்டு மந்தை நிற்கும்.

வந்த புதிதில் ஒரு மழை நாள் சாயங்காலம். எதிரே டிராக்டர். நம்ம ஊர்ப் பழக்கத்தில் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தேன், நான் வருகிறேன், ஒதுங்கு என்று. டிராக்டர் நேராக என்னை நோக்கி வர ஆரம்பித்தது. இங்கே லைட் அடித்தால், நீங்கள் வாங்க, நான் நிற்கிறேன் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். (சட்டப் புத்தகத்தில் அந்த அர்த்தமும் கிடையாது, நான் இங்கே இருக்கிறேன் என்று காட்ட மட்டும்தான் அடிக்க வேண்டும். புத்தகம் வேறு, பழக்கம் வேறு, இங்கேயும்.) வேறு வழியில்லாமல் வளைவில் ரிவர்ஸ் எடுத்தேன். இடது கண்ணாடி வேலிக்குள்ளிருந்த ஏதோ கட்டையில் மாட்டி 'டக்' என்று போய்விட்டது. ஒதுங்கும் இடம் வந்து நின்றதும் அந்த விவசாயி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிவிட்டுப் போனார். அதுதான் இங்கே நன்றி. நீங்களும் தூக்க மறக்காதீர்கள்.

ஒதுங்கும் இடம் உங்கள் இடது பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலது பக்கம் இருந்தால் குறுக்கே போகக் கூடாது, அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நின்று எதிரே வருபவரை உள்ளே ஒதுங்க விடுங்கள். மேடேறி வருகிற வண்டிக்கு முடிந்தவரை வழி விடுங்கள்.

வாத்தியார் கத்துவது வேறு லேன். பத்திரிகையில் 'நான்கு வழிச்சாலை' என்று போடுகிறார்களே, அந்த வழி. தொப்பூர் கணவாயில் பார்த்து வளர்ந்த நமக்கு ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு கோலம் மாதிரி. லோடு லாரி நடுத்தடுப்பை ஒட்டி வலதில் ஊர்ந்து போகும், நாம் இடது பக்கம் சந்து கிடைத்ததும் புகுந்து போவோம். சந்து என்றாலே நமக்கு இடைவெளிதானே? கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் அது சந்துதான். கிடைத்தால் நுழையலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. லேனுக்குள் அது இல்லை, தம்பி. பக்கத்து லேன் காலியாகக் கிடந்தாலும் அது உங்களுக்குக் கிடைத்த இடம் ஆகிவிடாது.

மோட்டார்வேயில், அதாவது இங்கத்திய விரைவுச்சாலையில், இடதிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். இருக்க வேண்டியது ஒன்றில். மற்றதெல்லாம் முந்துவதற்கு, முந்தியதும் திரும்பி வந்துவிட வேண்டும். மூன்றாவதை 'ஃபாஸ்ட் லேன்' என்று ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை, எந்த லேனிலும் கார்களுக்கு உச்சம் 70 மைல்தான். மூன்று லேன் ஓடுகிற இடத்தில் பெரிய லாரி அந்த வலதுகோடிக்கு வரவே கூடாது. காரணமில்லாமல் நடு லேனில் ஓட்டிக்கொண்டே இருந்தால் 100 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளி. 2013-லிருந்து போலீஸ் அந்த இடத்திலேயே எழுதித் தரலாம்.

பஸ் லேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேறு ஊருக்கு வேலையாகப் போனபோது, காலியாக இருக்கிறதே என்று முப்பது அடி தூரம் ஓட்டினேன். பத்து நாளில் என் கார் நம்பரோடு போட்டோ வீட்டுக்கு வந்தது. தப்பு என்னுடையது, பலகையில் நேரம் போட்டிருந்ததைப் படிக்கவில்லை. சீக்கிரம் கட்டினால் அபராதம் பாதி என்பதால் மறுநாளே கட்டிவிட்டேன்.

மேனேஜர் எழுதியது ரோட்டு லேன் இல்லை. என் லேனில் நான் இருக்கிறேன் என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் பணிவு. உன் லேனில் இரு என்று உங்களைப் பார்த்துச் சொன்னால் 'உன் வேலையைப் பார்'. உங்களுக்கு வந்தது 'இருப்போம்', அதனால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நீச்சல் குளத்திலும் லேன் உண்டு, மெதுவாக, நடுத்தரம், வேகம் என்று பலகை வைத்திருப்பார்கள். நம்ம ஊர்க் கிணற்றில் நீந்தியவன் என்ற தெம்பில் வேக லேனில் இறங்கினேன். என் அம்மா வயதுக்காரர் ஒருவர் இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனார். பேசாமல் கயிற்றுக்கு அடியில் குனிந்து பக்கத்து லேனுக்கு வந்துவிட்டேன்.

டெஸ்டுக்குத் தேதி கிடைத்ததும் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் அந்த டிராக்டர் லேனில் ரிவர்ஸ் பழகலாம். உங்கள் காரில்.