ரத்த அழுத்தம் இருப்பவர் கிளிமஞ்சாரோ ஏறலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. தார் எஸ் சலாமில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளாக ரத்த அழுத்தம் உண்டு. டெல்மிசார்டன் 40 மில்லிகிராமும் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிடுகிறேன். அழுத்தம் 130/80-ஐ ஒட்டியே இருக்கிறது. சர்க்கரை இல்லை. தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பேன். அலுவலக நண்பர்கள் மராங்கு பாதையில் ஐந்து நாளில் கிளிமஞ்சாரோ ஏறி இறங்கப் பணம் கட்டியிருக்கிறார்கள். வழிகாட்டி கூடவே வருவார், உயரத்துக்கு மாத்திரையும் இருக்கிறது என்று என்னையும் அழைக்கிறார்கள். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் இந்த ஐந்து நாள் திட்டத்தில் போகாதீர்கள். உங்கள் ரத்த அழுத்தத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அந்தத் திட்டம்தான்.

அதில் நீங்கள் இரவு தங்கும் இடங்களைப் பாருங்கள். முதல் நாள் மண்டாரா, 2,720 மீட்டர். இரண்டாம் நாள் ஹொரொம்போ, 3,720. மூன்றாம் நாள் கீபோ குடில், 4,720. அன்று நள்ளிரவிலேயே எழுப்பி 5,895 மீட்டர் உஹுரு உச்சிக்கு அழைத்துச் செல்வார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுத்து உறங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது உயர்மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. உங்கள் நண்பர்கள் ஒவ்வொரு நாளும் 1,000 மீட்டர் ஏறப்போகிறார்கள். உச்சியில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். அதற்கு மூச்சும் சிறுநீரகமும் ரத்தமும் பழக நாள்கள் தேவை. உடற்பயிற்சியால் அந்த நாள்களைக் குறைக்க முடியாது. நன்றாக நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால், அவர்களே சில வேளை முதலில் படுத்துவிடுகிறார்கள்.

மராங்குதான் வேண்டும் என்றால் ஹொரொம்போவில் கூடுதலாக ஒரு நாள் தங்கும் ஆறு நாள் திட்டத்துக்கு மாறுங்கள். என் விருப்பம் எட்டு நாள் லெமோஷோ பாதை. கூடாரத்தில்தான் உறங்க வேண்டும், செலவும் அதிகம்; ஆனால் அந்தப் பாதையில் ஏறத்தாழ 4,600 மீட்டரில் உள்ள லாவா டவர் வரை ஏறிவிட்டு, 3,900 மீட்டர் அளவில் உள்ள பாரன்கோவுக்கு இறங்கி உறங்குவீர்கள். உடலுக்கு இது பெரிய உதவி. தான்சானியாவிலேயே இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: உடல் உயரத்துக்குப் பழக, கிளிமஞ்சாரோ பயணத்துக்குச் சற்று முன்பாக அருஷா அருகிலுள்ள மேரு மலையில், அதுவும் 4,566 மீட்டர் எரிமலைதான், ஏறி இறங்கலாம்.

நண்பர்கள் சொல்லும் மாத்திரை அசிட்டசோலமைடு. ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து 125 மில்லிகிராம் காலையும் மாலையும் எடுப்பது வழக்கம். விரல் நுனிகள் மதமதக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். அது உடல் பழகுவதை விரைவுபடுத்தும், அவசரத்தை ஈடுகட்டாது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. நீங்கள் சாப்பிடும் மாத்திரையில் உள்ள தயசைடும் சிறுநீரைப் பெருக்குவது. இரண்டும் சேர்ந்தால் நீர்ச்சத்தும் பொட்டாசியமும் குறையலாம். தயசைடு இல்லாத மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றுவதானால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது மாற்றி, அழுத்தம் கட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தலைவலிக்கு ஐபுபுரோஃபென் வேண்டாம். உங்கள் மாத்திரையோடும் நீர்க்குறைவோடும் அது சேர்ந்தால் சிறுநீரகம் கெடலாம். பாராசிட்டமால் போதும். மலையில் மதுவையும் தூக்க மாத்திரையையும் தொடாதீர்கள்.

அடுத்து வழிகாட்டி. அங்கே வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதியே கிடையாது. நல்ல வழிகாட்டி காலையும் மாலையும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்ப்பார். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து யாருடைய நிலையையும் முடிவு செய்துவிட முடியாது. தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, இவற்றை நீங்கள் வாய்திறந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும். செலவழித்த பணமும் நண்பர்கள் முன் வெட்கமும் பலரை வாய்மூட வைக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லேசான தலைவலி என்றால் அதே உயரத்தில் தங்கிப் பாருங்கள். குறையாமல் மேலே ஏறக் கூடாது. நேர்க்கோட்டில் குதிகாலோடு விரல் ஒட்டி நடக்கும்போது தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் முதல் சிகிச்சை, நடுராத்திரியானாலும் உடனே கீழே இறங்குவதுதான். ஆக்ஸிஜனும் ஊசியும் இறங்குவதற்குத் துணை மட்டுமே. இருட்டிலும் மேகமூட்டத்திலும் ஹெலிகாப்டரை நம்ப முடியாது. பணம் கட்டும் முன்பே நிறுவனத்திடம் கேளுங்கள்: ஆக்ஸிஜன் சிலிண்டர் கூட வருமா, ஒருவர் இறங்க நேர்ந்தால் அவரோடு இறங்க இன்னொரு வழிகாட்டி உண்டா? இதற்குத் தெளிவான பதில் தராதவர்களோடு போக வேண்டாம்.

மராங்கு பாதையில் போனால், உச்சி இரவில் 5,685 மீட்டரில் உள்ள கில்மன்ஸ் பாயிண்டோடு திரும்புவதிலும் குறைவில்லை. அங்கே எரிமலை வாயின் விளிம்பைத் தொட்டுவிடுகிறீர்கள், அதற்கும் சான்றிதழ் தருகிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பரிசோதனை, ஒரு இ.சி.ஜி. மாடி ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கமில்லாத மூச்சிரைப்போ இருந்தால், இதய மருத்துவரைப் பார்க்கும் வரை பயணத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.