வங்கி, விஸ்கி, எச்சில்: அமெரிக்கக் குடியரசின் ஆரம்பகாலச் சண்டைகள் – கேள்வி பதில்

அமெரிக்கா குடியரசான முதல் பதினைந்து, இருபது வருடங்களில் நடந்த அதிகாரச் சண்டைகளைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சார், ஆங்கிலேயரை விரட்டியாகிவிட்டது, அரசமைப்புச் சட்டமும் எழுதியாகிவிட்டது. அப்புறம் எதற்குச் சண்டை?

எழுதியதால்தான் சண்டையே. அதற்கு முன்பிருந்த ஏற்பாட்டில் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கையேந்த வேண்டும், கொடுத்தால் உண்டு. 1786-இல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் திரண்டு கோர்ட்டுகளை நடக்கவிடாமல் மறித்தபோது, மத்திய அரசு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. வலுவான அரசு வேண்டும் என்று ஒரு கூட்டம் பயந்தது அதனால்தான். லண்டன்காரனை விரட்டிவிட்டு இங்கேயே இன்னொரு லண்டனை உருவாக்கவா என்று இன்னொரு கூட்டம் பயந்தது. இரண்டு பயமும் நியாயமானது.

1787-இல் பிலடெல்பியாவில் எழுதிய சட்டம் காங்கிரஸின் அதிகாரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அவற்றை நிறைவேற்றத் ‘தேவையான, பொருத்தமான’ சட்டங்களை எல்லாம் இயற்றலாம் என்று முடிக்கிறது. எது தேவை, யார் சொல்வது? அதைத்தான் விட்டுவிட்டார்கள்.

ஹாமில்டனுக்கும் ஜெபர்சனுக்கும் நடந்தது தனிப்பட்ட பகையா, கொள்கைச் சண்டையா?

கொள்கையில் ஆரம்பித்துப் பகையில் போய் நின்றது. வங்கி விவகாரத்தைப் பார்த்தால் போதும்.

நிதியமைச்சர் ஹாமில்டன் ஒரு தேசிய வங்கி கேட்டார். மூலதனம் 1 கோடி டாலர், அதில் அரசின் பங்கு 20 லட்சம், உரிமம் 20 வருடத்துக்கு. மசோதா நிறைவேறிக் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் மேசைக்கு வந்தது. கையெழுத்துப் போட அவருக்குத் தயக்கம். அமைச்சர்களிடம் கருத்துக் கேட்டார். வெளியுறவு அமைச்சர் ஜெபர்சன் சொன்னது இதுதான்: வங்கி தொடங்கலாம் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை, ‘தேவை’ என்றால் அது இல்லாமல் காரியமே நடக்காது என்று அர்த்தம், வசதியாக இருக்கும் என்பதெல்லாம் தேவை ஆகாது. ஹாமில்டன் மறுத்தார். அன்றாடப் பேச்சில் ‘தேவை’ என்றால் பயன்படும், உதவும் என்றுதானே பொருள், நோக்கம் சட்டத்துக்குள் இருந்தால் அதற்கான வழியும் உண்டு என்றார். 1791 பிப்ரவரி 25-இல் வாஷிங்டன் கையெழுத்திட்டார்.

ஒரு சுவாரசியம். அதே அரசமைப்புச் சட்டத்தில் இன்னோர் இடத்தில், மாநிலங்கள் இறக்குமதி வரி போடுவது பற்றிப் பேசும்போது ‘முற்றிலும் தேவையான’ என்று இருக்கிறது. அங்கே ‘முற்றிலும்’ இருக்கிறது, இங்கே இல்லை. அப்படியானால் இங்கே ‘தேவை’ என்பது இளகலான சொல்தானே? 1819-இல் மேரிலாந்து மாநிலம் அடுத்த தேசிய வங்கிக்கு வரி போட்ட வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இதைத்தான் எடுத்துக்காட்டினார். மேரிலாந்து தோற்றது.

ஒரு விருந்தில் உட்கார்ந்து தலைநகரைப் பேரம் பேசி முடித்தார்களாமே?

1790-இல் நியூயார்க்கில், ஜெபர்சன் வீட்டில். ஹாமில்டனும் காங்கிரஸ் உறுப்பினர் மேடிசனும் விருந்தாளிகள். மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசு ஏற்கும், பதிலுக்குத் தலைநகர் தெற்கே பொட்டோமாக் நதிக்கரைக்குப் போகும். இரண்டும் நடந்தன. ஆனால் அந்த இரவு என்ன பேசினார்கள் என்பதை நமக்குச் சொல்வது ஜெபர்சன் மட்டும்தான். அதையும் ‘ஹாமில்டன் என்னை ஏமாற்றிவிட்டார்’ என்ற தோரணையில் பின்னாளில் எழுதுகிறார். கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கவேண்டும்.

குடிக்கு வரி போட்டதற்கா கலகம்? குடிகாரர்கள் கலகமா அது?

இல்லை தம்பி. மேற்குப் பென்சில்வேனியாவில் விளைந்த தானியத்தை மலை தாண்டிக் கொண்டுபோனால் கூலிக்கே கட்டாது. விஸ்கியாகக் காய்ச்சினால் சுமை சிறிது, விலை பெரிது. கையில் காசு புழங்காத ஊரில் விஸ்கிதான் காசு. அதன் மேல் 1791-இல் வரி. வழக்கென்றால் பிலடெல்பியா கோர்ட் வரை போகவேண்டும். 1794 ஜூலையில் வரி அதிகாரி நெவில் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். வாஷிங்டன் கிட்டத்தட்ட 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, பாதி வழி தானே குதிரையில் போனார். படை போய்ச் சேர்ந்தபோது சண்டை போட ஆளில்லை. தேசத்துரோகக் குற்றம் உறுதியான இருவரையும் மன்னித்துவிட்டார். 1802-இல் ஜெபர்சன் ஆட்சி அந்த வரியையே எடுத்தது.

நாடாளுமன்றத்தில் எச்சில் துப்பிய ஆள் யார்?

மேத்யூ லயன், வெர்மான்ட் உறுப்பினர், ஜெபர்சன் கட்சி. 1798 ஜனவரியில் கனெக்டிகட் உறுப்பினர் ராஜர் கிரிஸ்வோல்ட், லயனின் பழைய ராணுவ அவமானம் ஒன்றைக் குத்திக்காட்டினார். லயன் அவர் முகத்தில் துப்பினார். இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வோல்ட் கைத்தடியோடு வந்து அவையிலேயே வெளுக்க, லயன் கணப்படுப்பின் இடுக்கியை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

சிரிப்புக் கதை இதோடு முடிந்துவிடவில்லை. அந்த ஜூலையில் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் ஆட்சி ‘அரசு நிந்தனைச் சட்டம்’ கொண்டுவந்தது. அரசையோ காங்கிரஸையோ குடியரசுத் தலைவரையோ அவதூறாக எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், 2 வருடம் வரை சிறை. பட்டியலில் துணைக் குடியரசுத் தலைவர் மட்டும் இல்லை, ஏனென்றால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஜெபர்சன்! அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். இந்தச் சட்டத்தில் முதலில் தண்டனை பெற்றவர் நம்ம லயன். 4 மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். சிறையில் இருந்தபடியே மறுபடி தேர்தலில் ஜெயித்தார்.

இதற்குப் பதிலாகத்தானே கென்டக்கி, வர்ஜீனியா தீர்மானங்கள் வந்தன? அவற்றை மாநில உரிமைக்கான முதல் குரல் என்று கொண்டாடலாமா அண்ணா?

அரசு நிந்தனைச் சட்டத்தை எதிர்த்து அந்த இரு மாநிலச் சட்டமன்றங்களும் நிறைவேற்றியவை, ஜெபர்சனும் மேடிசனும் பெயரை மறைத்து எழுதிக்கொடுத்தவை அவை. மத்திய அரசு எல்லை மீறினால் மாநிலங்கள் எதிர்க்கலாம் என்பது சாரம். பேச்சுரிமைக்காகப் பிறந்தவை என்ற வரையில் கொண்டாடுங்கள். ஆனால் 1832-இல் தென் கரோலினா மத்திய அரசின் இறக்குமதி வரியைச் செல்லாது என்று அறிவித்தபோது இதே வாதத்தைத்தான் எடுத்துக்கொண்டது. உயிரோடிருந்த மேடிசனே, ‘நான் சொன்னது அது இல்லை’ என்று மறுக்கவேண்டி வந்தது. அடிமை முறையைக் காக்க நின்றவர்களும் பிறகு அந்தக் கொடியைத்தான் பிடித்தார்கள்.

மார்பரி வழக்கைப் புரியும்படி சொல்லுங்கள். சட்டப் படிப்பில் மனப்பாடம் செய்ததோடு சரி.

தேர்தலில் தோற்ற ஆடம்ஸ், போகும் முன் தன் ஆட்களை நீதித்துறையில் அமர்த்தினார். வில்லியம் மார்பரிக்குச் சின்னப் பதவி. ஆணையில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தாயிற்று, கொண்டுபோய்க் கொடுக்க நேரமில்லை. கொடுக்காமல் விட்டவர் அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த மார்ஷல். புதிதாக வந்த ஜெபர்சன் ‘கொடுக்காதே’ என்றார். மார்பரி உச்ச நீதிமன்றம் போனார். தலைமை நீதிபதி யார்? அதே மார்ஷல்! இன்றைக்கானால் வழக்கிலிருந்து விலகச் சொல்லியிருப்பார்கள்.

ஆணையைக் கொடு என்று தீர்ப்புச் சொன்னால் ஜெபர்சன் மதிக்கமாட்டார், கோர்ட்டின் மானம் போகும். 1803-இல் மார்ஷல் சொன்னார்: மார்பரிக்கு உரிமை உண்டு, ஆனால் இப்படி நேராக எங்களிடம் வர வழிசெய்யும் 1789-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு அரசமைப்புக்கு முரண், ஆகவே செல்லாது. ஜெபர்சனுக்கு மீறுவதற்கு ஓர் உத்தரவும் இல்லை. காங்கிரஸின் சட்டத்தைச் செல்லாதென்று சொல்லும் அதிகாரமோ கோர்ட்டிடம் வந்துவிட்டது. மார்பரிக்குத்தான் வேலை கிடைக்கவில்லை.

ஜெபர்சன் பதவிக்கு வந்த பிறகு சொன்னபடி நடந்தாரா?

1803-இல் பிரான்ஸிடமிருந்து லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார். நிலம் வாங்கும் அதிகாரம் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. திருத்தம் வேண்டும் என்று அவரே நினைத்து வரைவும் எழுதினார். நெப்போலியன் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம் வந்ததும் வரைவை ஓரமாக வைத்துவிட்டார். 1791-இல் வங்கியை எதிர்த்துக் காங்கிரஸில் முழங்கிய மேடிசன், 1816-இல் குடியரசுத் தலைவராக இன்னொரு தேசிய வங்கிக்குக் கையெழுத்திட்டார்.

கடைசியாக ஒன்று: லயன் கட்டிய அபராதம் என்னாயிற்று?

1801-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஜெபர்சனுக்கும் அவர் கட்சியின் ஆரன் பர்ருக்கும் தேர்வாளர்களிடமிருந்து ஆளுக்கு 73 வாக்கு வந்து இழுபறியாகி, கீழவையில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்று 36 சுற்று வாக்கெடுப்பு நடந்தது. கடைசிச் சுற்றில் எதிர்க்கட்சிச் சக உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, வெர்மான்ட்டின் வாக்கை ஜெபர்சனுக்குப் போட்டவர் லயன். அபராதத்தைக் காங்கிரஸ் தனிச்சட்டம் போட்டு வட்டியோடு திருப்பிக் கொடுத்தது, 1840-இல். லயன் 1822-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பணம் வாரிசுகள் கைக்குப் போனது.