வாடகைக்கு விட ஒரு சின்ன அடுக்குமாடி வீடு: கோலாலம்பூர் வாசகர்களுக்குப் பதில்கள்

வழக்கறிஞர் அலுவலகத்தில் வீடு வாங்குவோர் விற்போரின் பத்திரங்களைக் கவனிப்பது என் வேலை. கையெழுத்துப் போட வருகிறவர்களில் பலருக்கு மாதத் தவணை எவ்வளவு என்பது மனப்பாடமாகத் தெரிகிறது. அந்த வீடு ஆண்டு முழுவதும் எவ்வளவு தின்னும் என்பது தெரிவதில்லை. அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன்.

செதாப்பாக், தனியார் நிறுவன ஊழியர்: அக்கா, 750 சதுர அடி வீடு ஒன்றை 300,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) பேசி வைத்திருக்கிறேன். பத்து விழுக்காடு முன்பணம். மீதி 270,000 வங்கிக் கடன், நான்கு விழுக்காடு வட்டி, 30 ஆண்டு. தவணை 1,289 வெள்ளி. வாடகை 1,400 கிடைக்கும் என்கிறார் ஏஜெண்டு. மாதம் நூறு வெள்ளிக்கு மேல் லாபம்தானே?

இல்லை தம்பி. முதலில் வாசற்படி மிதிக்கவே எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். முன்பணம் 30,000. பெயர் மாற்ற முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு ஒரு விழுக்காடு, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை இரண்டு விழுக்காடு, உங்களுக்கு 5,000. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, அதாவது 1,350. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு: வாங்கும் பத்திரத்துக்கு 3,750, கடன் பத்திரத்துக்கு 3,375, இவற்றின் மேல் எட்டு விழுக்காடு சேவை வரி 570. கூட்டினால் 44,045. வங்கிக்கான மதிப்பீட்டுக் கட்டணம், நில அலுவலகச் சில்லறைச் செலவுகள், வெள்ளையடிப்பு, மின்விசிறி, சமையலறை அலமாரி எல்லாம் இதில் சேரவில்லை. கையில் 50,000 இல்லாமல் இறங்காதீர்கள்.

இனி ஆண்டுக் கணக்கு. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வரவு 15,400. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 30 சென் என்றால் மாதம் 225, அதற்கு மேல் பத்து விழுக்காடு சிங்கிங் ஃபண்ட் (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி), ஆண்டுக்கு 2,970. மாநகராட்சியின் மதிப்பீட்டு வரி, சுக்காய் பெத்தாக் எனும் அடுக்குமாடி வீட்டு நில வரி, தீ காப்புறுதி சேர்த்து 600 என்று வைப்போம். ஆள் பிடித்துத் தரும் ஏஜெண்டுக்கு ஆண்டுக்கு 700, பழுதுபார்க்க 1,000. மிஞ்சுவது 10,130. வங்கிக்குக் கட்ட வேண்டியதோ 15,468. ஆக, ஆண்டுக்கு 5,338 வெள்ளி உங்கள் சம்பளத்திலிருந்து போகும். மாதம் சுமார் 445.

இதை முழு நட்டம் என்று சொல்ல மாட்டேன். முதல் ஆண்டுத் தவணையில் ஏறக்குறைய 4,750 வெள்ளி அசலைக் குறைக்கிறது. அது உங்கள் சொத்தாகிறது. ஆனால் அந்தச் சொத்து மாதாமாதம் சோறு போடாது. மாதம் 445 வெள்ளியை மூச்சு முட்டாமல் கட்ட முடியுமா, மூன்று மாதம் ஆளில்லாமல் போனால் முழுத் தவணையையும் தாங்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மேலே பேசலாம். வட்டியும் நிலையாக நிற்பதில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி 2020 ஜூலையில் 1.75 விழுக்காடு, 2023 மே மாதம் 3.00 ஆகிவிட்டது, 2025 ஜூலையில் 2.75க்கு இறங்கியது. உங்கள் கடன் வட்டி அரை விழுக்காடு ஏறினால் தவணை 1,368 ஆகும்.

செந்தூல், ஆசிரியை: அதே விலையில் இரண்டு வீடுகள் பார்த்தோம். ஒன்றில் புது டைல்ஸ், அழகான சமையலறை. மற்றது பழசாகத் தெரிகிறது, ஆனால் கட்டடம் சுத்தமாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

சுத்தமான கட்டடத்தை. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. டைல்ஸை நீங்கள் மாற்றலாம். கட்டட நிர்வாகத்தைத் தனியாளாக மாற்ற முடியாது. வாடகைக்கு வருகிறவர் பதினெட்டாவது மாடிக்கு அரிசி மூட்டையுடன் ஏற வேண்டியவர். மூன்று மின்தூக்கிகளில் ஒன்றுதான் ஓடுகிறது என்றால் ஒப்பந்தம் முடிந்த அன்றே கிளம்பிவிடுவார்.

வீடு பார்க்கப் போகும்போது மின்தூக்கிக்குப் பக்கத்திலுள்ள அறிவிப்புப் பலகையை நின்று படியுங்கள். பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் எண்களை அங்கே ஒட்டியிருப்பார்கள். ஒரு தாளில் அடங்கினால் பரவாயில்லை. நான்கைந்து தாள் வரிசையாகத் தொங்கினால், பணம் கட்டுகிறவர்களின் தலையில்தான் கட்டாதவர்களின் பங்கும் விழும். நிர்வாக அலுவலகத்தில் இரண்டைக் கேளுங்கள்: சிங்கிங் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது, கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் என்ன பேசினார்கள். வாங்குபவர் நேரில் கேட்டால் தயங்குவார்கள். விற்பவரைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள், உரிமையாளர் என்ற முறையில் அவருக்கு அந்தக் கணக்கு கிடைக்கும். விற்பவரே பாக்கி வைத்திருந்தால், அதைத் தீர்த்த பிறகுதான் சாவி என்று பத்திரத்தில் எழுத வேண்டும்.

குளியலறையின் மேற்கூரையையும் அண்ணாந்து பாருங்கள். மஞ்சள் கறை ஓரத்தில் உப்புப் பூத்ததுபோல் இருந்தால், மேல்மாடியிலிருந்து நீர் கசிகிறது. சட்டப்படி, புகார் கிடைத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து சோதிக்க வேண்டும். மாறாக நிரூபிக்கும்வரை பழுது மேல்வீட்டினுடையது என்றே கொள்ளப்படும். சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனாலும் மேல்வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அலைச்சல் உங்களுக்கு.

கெப்போங், லாரி ஓட்டுநர்: 130,000 வெள்ளிக்கு ஒரு பழைய ஐந்து மாடி ஃபிளாட் இருக்கிறது, வாடகை 900 போகிறது என்கிறார்கள். விலைக்கு வாடகை நன்றாகத்தானே இருக்கிறது அக்கா?

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது அண்ணா. மலிவான பழைய ஃபிளாட்டில்தான் வாடகை விலையோடு ஒத்துப்போகும். கிரான் எனும் நில உரிமைப் பத்திரத்தைப் பார்க்காமல் மட்டும் ஒரு காசும் கொடுக்காதீர்கள். 99 ஆண்டுக் குத்தகை நிலமா, இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம், 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' (உரிமை மாற்றக் கட்டுப்பாடு) என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குத்தகை ஆண்டுகள் குறையக் குறைய வங்கி கடன் தரத் தயங்கும். உங்களுக்குப் பிறகு வாங்க வருகிறவருக்கும் அதே சிக்கல். மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் நம் பெயருக்கு மாறாது. பி.பி.ஆர். எனும் அரசு மலிவு விலை ஃபிளாட்டையோ, ரெசிடென்சி விலாயா எனும் கூட்டரசுப் பிரதேச மலிவு வீட்டையோ "வாடகைக்கு விடலாம், ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். அவை குடியிருப்பதற்காகக் கொடுக்கப்பட்டவை.

செராஸ், புதுமணத் தம்பதி: நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். முதலில் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டு, பிறகு எங்களுக்கு வாங்கலாமா?

முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு, ஐந்து லட்சம் வெள்ளி வரை, பெயர் மாற்றத்துக்கும் கடன் பத்திரத்துக்கும் முத்திரை வரி விலக்கு இருக்கிறது. 2027 இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள். வாடகைக்கென்று ஒன்றை உங்கள் இருவர் பெயரிலும் வாங்கிவிட்டால், பிறகு ஆசைப்பட்டு வாங்கும் சொந்த வீட்டுக்கு அது கிடையாது. ஐந்து லட்சம் வெள்ளி வீட்டில் பெயர் மாற்ற வரி மட்டுமே 9,000. என்னைக் கேட்டால், முதலில் குடியிருக்க வாங்குங்கள்.

வங்சா மாஜு, பொறியாளர்: மூன்று ஆண்டில் விற்றுவிடலாம் என்று திட்டம். வரி உண்டா?

உண்டு. குடிமக்கள் முதல் மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15. ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. மூன்றாண்டுத் திட்டத்துக்கு அடுக்குமாடி வீடு ஏற்றதல்ல.

பிரிக்பீல்ட்ஸ், கடைக்காரர்: குடியிருப்பவர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. பூட்டை மாற்றிவிடலாமா?

வேண்டாம் ஐயா. நீதிமன்ற ஆணை இல்லாமல் வெளியேற்றுவதை 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) தடுக்கிறது. உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் அவர் பக்கம் போய்விடும். வழக்கறிஞர் கடிதம் முதலில். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கிறீர்களா? கட்டாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது. 1,400 வெள்ளி வாடகைக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்றால் 68 வெள்ளிதான்; அதை மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரக்கணக்கில் இழந்தவர்கள் வந்து உட்காரும்போது எனக்கு மனம் கனக்கும். இனிமேல் வருகிறவரிடம் இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்குத் தனி டெபாசிட், ஒரு மாத முன்வாடகை வாங்காமல் சாவியைத் தராதீர்கள்.

பத்து கேவ்ஸ், ஓய்வுபெறப் போகும் தாதி: எனக்கு 58 வயது. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து ஒரு சின்ன வீடு வாங்கினால் மாதம் வாடகை வருமே என்று மகன் சொல்கிறான். செய்யலாமா அம்மா?

உங்கள் கேள்வியைத்தான் அதிக நேரம் யோசித்தேன் அம்மா. மேலே தம்பிக்குப் போட்ட கணக்கைப் பாருங்கள்: கடனே இல்லாமல் முழுப் பணமும் போட்டாலும், ஆண்டு மிச்சம் 10,130 வெள்ளி. 300,000க்கு அது 3.4 விழுக்காடு. ஊழியர் சேமநிதி 2023க்கு 5.50 விழுக்காடும் 2024க்கு 6.30 விழுக்காடும் ஈவு கொடுத்தது. அங்கே குழாய் உடையாது, ஆள் ஓடிப்போகமாட்டார். கடன் வாங்கலாம் என்றாலும் பெரும்பாலான வங்கிகள் 70 வயதோடு நிறுத்திவிடும். பன்னிரண்டு ஆண்டில் அடைக்க வேண்டிய தவணை பெரிதாக இருக்கும்.

பணத்தை அங்கேயே விட்டுவைத்து, செலவுக்கு வேண்டியதை மட்டும் மாதாமாதம் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வயது வரை ஈவு சேரும். மகனுக்கு வீடு வாங்க ஆசை இருந்தால், அவருடைய சம்பளச் சீட்டோடு என் மேசைக்கு வரச் சொல்லுங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.