பூர்வீகம்தான் ஒருவரின் அடையாளத்தைத் தீர்மானிக்கிறதா?

பாதிதான் என்பேன். மீதியை, பார்ப்பவர்கள் எந்த ஊரில் நின்று பார்க்கிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. பிரேசில் ஜப்பானியர்களின் கதையைப் பாருங்கள்.

1908-இல் கசாட்டோ மாரு என்ற கப்பல் 781 ஜப்பானியர்களை பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் இறக்கியது. காப்பித் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் போர்த்துகீசியம் பேசியே வளர்ந்தார்கள். ஆனாலும் தெருவில் அவர்களுக்கு 'ஜப்போனேஸ்', அதாவது ஜப்பானியர் என்றுதான் பெயர். உழைப்பாளிகள், படிப்பில் கெட்டி என்று நல்லவிதமாகவே நினைத்தார்கள். ஆனால் அதுவும் முகத்தை மட்டும் பார்த்துச் செய்த முடிவுதானே?

1990-இல் ஜப்பான் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, மூன்றாம் தலைமுறை வரையுள்ள ஜப்பானிய வம்சாவளியினர் வந்து வேலை செய்ய வழிவிட்டது. ஹமாமட்சு, ஒய்சுமி போன்ற ஊர்களின் ஆலைகளில் சேர்ந்தார்கள். அங்கே போனதும் அவர்கள் 'பிரேசில்காரர்கள்' ஆகிவிட்டார்கள்! ஜப்பானிய முகத்தை வைத்துக்கொண்டு ஜப்பானிய மொழி தெரியவில்லை என்பது, வேறு வெளிநாட்டவரிடம் மன்னிக்கப்படும் குறையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அப்புறம், பிரேசிலில் சம்பா நடனத்தின் பக்கமே போகாத சிலர் ஜப்பானில்தான் அதை ஆட ஆரம்பித்தார்கள். ஒதுக்கப்பட்டபோது பிரேசில் அவர்களுக்கு நெருக்கமானது.

2009 பொருளாதார நெருக்கடியில், வேலை இழந்தவர்களுக்கு ஆளுக்கு 3 லட்சம் யென் கொடுத்து ஊருக்கு அனுப்பியது ஜப்பான் அரசு. அதே வம்சாவளி விசாவில் திரும்பி வர முடியாது என்பது அப்போதைய நிபந்தனை. எந்த ரத்த உறவைச் சொல்லி அழைத்தார்களோ, அதன் பேரிலேயே கதவை அடைத்தார்கள். எனக்கு இது இன்றும் வலிக்கிறது.