ஷின்ஜி கோழையா? – கடிதம்

வணக்கம்,

நெட்ஃபிளிக்ஸில் 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்து முடித்தேன். அதன் நாயகன் ஷின்ஜி இகாரியைச் சகிக்கவே முடியவில்லை. எந்நேரமும் அழுகை, இல்லையென்றால் ஓட்டம். ரோபோவில் ஏறு என்றால் ஏற மாட்டான். கூடவே ரோபோ ஓட்டும் அசுகா அவனைக் காதலிப்பதுகூட அவனுக்குப் புரியவில்லை. ரோபோ ஓட்டும் இன்னொரு பெண்ணான ரெய் ஒரு மரப்பாச்சி. இவனை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'ஏறுடா ஷின்ஜி' மீமைத் தொடருக்கு முன்பே பார்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். அதனால் இரண்டாம் முறை பார்த்தபோது, அவன் எத்தனை முறை ஏற மறுக்கிறான் என்று கவனித்துக்கொண்டே வந்தேன்.

முதல் எபிசோடில் மறுக்கிறான். வயது 14. வருடக்கணக்காகத் திரும்பிப் பார்க்காத அப்பா வரச்சொல்லி, இதில் ஏறிச் சண்டை போடு என்கிறார். யார்தான் ஏறுவார்கள்? ஆனால் உடம்பெல்லாம் கட்டுப்போட்ட ரெய்யை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அவளைத் தாங்கிப் பிடித்தபோது கையில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே அப்போதே ஏறிவிடுகிறான்.

நான்காவதில் விட்டுவிட்டுப் போகிறான். ஆனால் ரயில் கிளம்பிப் போனபின்பும் பிளாட்ஃபார்மிலேயே நின்றுகொண்டிருக்கிறான். ஒழுங்காக ஓடக்கூடத் தெரியாதவன்!

பதினெட்டாவதில் மறுப்பது வேறு ரகம். எதிரியாக மாறிவிட்ட எவாவுக்குள் (அந்த ராட்சத ரோபோக்களை அப்படித்தான் அழைக்கிறார்கள்) தன் வயதுப் பிள்ளை ஒருவன் மாட்டியிருக்கிறான், அவனோடு சண்டை போட மாட்டேன் என்கிறான். உடனே அப்பா கட்டுப்பாட்டை இயந்திரத்திடம் கொடுத்து, ஷின்ஜியை உள்ளே உட்கார வைத்துக்கொண்டே அந்த எவாவைப் பிய்த்துப்போட வைக்கிறார். உள்ளே இருந்தவன் வகுப்புத் தோழன் தோஜி. இதற்குப் பிறகு போகாதவன்தான் அதிசயம். அடுத்த எபிசோடிலேயே, யாரும் கூப்பிடாமல் திரும்பி வந்து ஏறுகிறான்.

பத்தாவதில் எரிமலைக் குழம்புக்குள் விழப்போன அசுகாவைப் பிடிக்க, வெப்பக் கவசம் எதுவும் இல்லாமல் குதிக்கிறானே, அதைக் கோழை என்று சொல்பவர்கள் எங்கே வைப்பார்கள்?

அவனுடைய சிக்கல் நேர் எதிரானது. மறுக்கத் தெரியாது. பன்னிரண்டாவது எபிசோடின் முடிவில் ராமென் கடையில் உட்கார்ந்து, பாராட்டு வாங்குவது எவ்வளவு சந்தோஷம் என்று இன்றுதான் புரிந்தது, அதற்காகத்தான் ஏறுகிறேன் போலிருக்கிறது என்கிறான். அப்பா ரேடியோவில் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்கு இந்தப் பாடு. எனக்கு மொத்தத் தொடரிலும் கலக்கமான இடம் அதுதான், ரத்தக் காட்சிகள் அல்ல.

அசுகா காதலிக்கிறாளா? அவள் கண் முழுக்க, வயதில் மூத்த காஜி மேல். பதினைந்தாவதில் ஷின்ஜியை முத்தமிடும்போது, மூச்சு கூசுகிறது என்று அவன் மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள், முடித்ததும் ஓடிப்போய் வாய் கொப்பளிக்கிறாள். அதில் ஆசையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'அவள் காதலிக்கிறாள், இந்த மண்டுவுக்குப் புரியவில்லை' என்பது நாம் பார்த்துப் பழகிய வேறு கதை. இங்கே இரண்டு பேருமே, என்னைக் கவனி என்று மட்டும் கேட்கத் தெரிந்த பிள்ளைகள்.

ரெய்யை மரப்பாச்சி என்கிறீர்கள். இருபத்திரண்டாவதில் லிஃப்டுக்குள் அசுகாவும் அதையேதான் சொல்கிறாள். நான் பொம்மை இல்லை என்று ரெய் பதில் சொல்லிவிட்டாள். நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1997இல் வந்த 'தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்' படத்தில் அவன் உண்மையாகவே சுருண்டு உட்கார்ந்துவிடுகிறான். அவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி மிசாட்டோ இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. நினைவில்லாமல் கிடக்கும் அசுகாவின் முன் அவன் தரம்கெட்டு நடந்துகொள்ளும் மருத்துவமனைக் காட்சிக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதுமில்லை, அவனே தன்னை அதற்காக மன்னிக்கவில்லை. ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், உன்னைப் பிடிக்கும் என்று சொன்ன, பிறகு எதிரி என்று தெரியவந்த நண்பன் கவோருவைத் தன் கையாலேயே கொன்றிருக்கிறான். படத்தை இன்னும் பார்க்கவில்லை என்றால், 24ஆம் எபிசோடை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள். கவோருவைக் கையில் பிடித்தபடி எவா அசையாமல் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் தள்ளிவிடாதீர்கள்.