லயத்தில் வந்த காய்ச்சல் யார் கணக்கில் சேரும்?

பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலை செய்யும், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சித்திரை வருசத்துக்குத் தம்பி கொழும்பிலிருந்து இருமிக்கொண்டுதான் வந்தான். நாலைந்து நாளில் லயத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். மாலைதீவில் வேலை செய்யும் அண்ணன் அங்கேயும் இப்படித்தான் என்கிறார். இது தீவு விட்டுத் தீவு போவதை யார், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நாங்கள் யாரிடமாவது சொல்ல வேண்டுமா?"

கட்டாயம் சொல்ல வேண்டும் சகோதரி. அதுவும் முதல் இரண்டு, மூன்று நாளுக்குள்.

நீங்கள் சொல்வது இன்புளுவன்சாவாக, அதாவது வைரஸால் இருமலோடு வரும் தொற்றுக் காய்ச்சலாக இருக்கலாம். தீவுக்குள் அது நுழையும் வாசல்கள் இரண்டுதான்: துறைமுகம், விமான நிலையம். 1918 நவம்பர் 7ஆம் திகதி ஆக்லாந்திலிருந்து வந்த 'தலூன்' என்ற கப்பல் பசிபிக் தீவான மேற்குச் சமோவாவில் நோயாளிகளை இறக்கியது. சில வாரங்களில் அந்த மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்துபோனார்கள். பக்கத்தில் இருந்த அமெரிக்கச் சமோவா கப்பல்களைத் தடுத்து வைத்தது. அங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை. இன்று அப்படி வாசலை அடைத்துவைக்க முடியாது. அதனால் உள்ளே வந்ததைச் சீக்கிரம் பிடிப்பதில்தான் கவனம். பசிபிக் தீவு நாடுகள் 2010 முதல் காய்ச்சல், இருமலோடு வருகிறவர்களை வாராவாரம் எண்ணி அனுப்புகின்றன. ஆய்வுகூடமே இல்லாத சின்னத் தீவும் எண்ணிக்கை கொடுக்கலாம் அல்லவா?

நம் நாட்டில் எல்லாக் காய்ச்சலையும் எண்ணுவதில்லை. தெரிவு செய்த சில வைத்தியசாலைகளில், 38 பாகைக்குக் குறையாத காய்ச்சலும் இருமலும் தொடங்கிப் பத்து நாளுக்குள் வருகிறவர்களைக் கணக்கெடுக்கிறார்கள். அவர்களில் சிலரின் மூக்கிலோ தொண்டையிலோ பஞ்சுக்குச்சியால் தடவி, அதைத் திரவம் உள்ள சின்னக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். இன்புளுவன்சா ஏ வகையா, பி வகையா என்று பி.சி.ஆர். என்ற மரபணுப் பரிசோதனை சொல்லும். முடிவுகள் உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு வலையில் சேரும்; 1952இல் தொடங்கிய வலை அது. அண்ணனுக்கும் தம்பிக்கும் வந்தது ஒரே கிருமியா என்பதை இருமலைக் கேட்டுச் சொல்ல முடியாது. இரண்டு இடத்து மாதிரிகளின் மரபணுவையும் ஒப்பிட்டால்தான் எது எதன் கிளை என்று தெரியும். நாள் போகப் போகக் கிருமி குறைந்துவிடும், பிறகு குச்சியில் எதுவும் அகப்படாது. நான் அவசரப்படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இலங்கையில் இன்புளுவன்சா வருடத்துக்கு இரண்டு முறை ஏறும்: ஏப்ரல் முதல் ஜூன் வரை, அப்புறம் நவம்பர் முதல் ஜனவரி வரை. முதலாவது, கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பஸ்ஸிலும் ரயிலிலும் நெருக்கியடித்து ஊருக்கு வரும் காலம். நுவரெலியா சீசன் கூட்டமும் அப்போதுதான். லயத்தில் ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுத்தால் அது பரவ வேறென்ன வேண்டும்?

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சுவரில் தொங்கும் கலண்டரில் எந்தக் காம்பராவில் யாருக்கு எந்த நாள் காய்ச்சல் தொடங்கியது என்று எழுதுங்கள். தொற்றியவருக்கு ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் காய்ச்சல் வரும் என்பதால், அந்தத் திகதிகளே பரவிய வழியைக் காட்டிவிடும். அதைத் தோட்ட டிஸ்பென்சரியிலும் பி.எச்.ஐ.யிடமும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) காட்டுங்கள். ஒருநாள் பேர் (அன்றைய வேலைப் பதிவும் சம்பளமும்) போய்விடுமே என்று பெனடோல் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் அவர்கள் காய்ச்சல் எந்தக் கணக்கிலும் வராது, அதுதான் என் கவலை.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், ஆஸ்துமா, சீனி வருத்தம் உள்ளவர்கள் காத்திருக்க வேண்டாம். இன்புளுவன்சாவுக்கான மருந்து முதல் 48 மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். டெங்கும் எலிக்காய்ச்சலும் இதே மாதிரித்தான் தொடங்கும். ஆகவே அஸ்பிரின், இபுபுரூபன் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மடுவத்துக்கு இருமலோடு வரும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் தாயின் அன்றைய பேர் போகும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் அந்தப் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் தனியாகப் படுக்க வையுங்கள், கோப்பையைப் பிரித்து வையுங்கள், ஜன்னலைத் திறந்து விடுங்கள். குளிருக்கு ஒரு கம்பளி கூடப் போர்த்தினால் போதும்.